வெந்நீர் வேண்டாம்

எங்கள் வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பழக்கம் கிடையாது. அதனால்தான் கூடப்பிறந்தவர்களும் பெரியப்பா பிள்ளைகளுமாக நாங்கள் எட்டுப் பேரும் சத்தமில்லாமல் இடம் மாறினோம். வீடு மாறவில்லை. போனில் இருந்த குடும்ப குரூப்பை மாற்றினோம்.

காரணம் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. எழுபத்தொரு வயது, சித்தி போன பிறகு தனியாக இருக்கிறார். காலை ஐந்தரைக்குக் கண் விழித்ததும் முதல் காரியமாக, எங்கிருந்தோ தனக்கு வந்ததை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்தால் தீரும் நோய்கள், வெந்நீரை நின்று குடிக்கலாமா உட்கார்ந்து குடிக்கலாமா, வெந்நீர் குடிக்காத ஒருவருக்குக் கடைசியில் என்ன ஆனது. ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாது. நடுவில் அக்கா தன் மகள் பரிசு வாங்கிய போட்டோவைப் போட்டால், ஐந்தே நிமிஷத்தில் அது வெந்நீரில் மூழ்கிவிடும். எங்களுக்குள் அவருக்கு வெந்நீர் சித்தப்பா என்றே பெயர்.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க சித்தப்பா" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குரூப்பை விட்டு விலகினால் இன்னார் விலகினார் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அவரை நீக்குவதா? அப்பாவின் தம்பியையா? கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். யாரும் விலக வேண்டாம், பழைய குரூப்பின் வாயை மட்டும் அவரவர் போனில் அடைத்துவிட்டு, புதிதாக ஒன்று தொடங்குவோம் என்றேன். தொடங்கியதும் நான், பேர் வைத்ததும் நான். 'வெந்நீர் வேண்டாம்' என்று வைத்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் அப்படித்தான். மனதில் வந்ததைக் கொட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. முதலாளி முறைத்தது, கொதிக்கும் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, பஸ்ஸில் ஒருத்தி என் காலை மிதித்துவிட்டு என்னையே திட்டியது, எல்லாம் குரூப்புக்குப் போகும். போன கையோடு நாலு பேர் எனக்காகக் கோபப்படுவார்கள். அக்கா என்னையும் மிஞ்சியவள். போன மாதம் அவளுக்குப் பல்வலி வந்தபோது நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. சின்னண்ணன் அரை நாள் லீவு போட்டு மாத்திரையோடு போய் நின்றான். பல் என்னவோ சொத்தைகூட இல்லை.

பெரியண்ணன் எங்களோடு சேர்த்தியே இல்லை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இதே ஊரின் மறுகோடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். பகல் முழுவதும் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பிக் கயிறுமாக ஒற்றை ஆளாய் வேலை. குரூப்பில் அவர் ஒரு வார்த்தை எழுதி யாரும் பார்த்ததில்லை. ஆனால் யார் எதைப் போட்டாலும் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். பிறந்தநாளா, கட்டைவிரல். பல்வலியா, கட்டைவிரல். "வலிக்குதுங்கறேன், நல்லதுங்கறாரு பாரு" என்று அக்கா புலம்புவாள். நாங்கள் அவருக்கு வைத்த பேர் கட்டைவிரல்.

அம்மா இருந்தவரை அம்மாதான் எங்கள் குரூப். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா சொல்லித் தெரியும், எனக்கு வேலை கிடைத்தது அம்மா சொல்லி அண்ணனுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போன பிறகு அவருக்கு நேராகப் போன் போட்டு "எப்படிண்ணே இருக்கீங்க" என்று கேட்க யாருக்கும் வரவில்லை. மூத்தவரிடம் சும்மா பேசுகிற பழக்கம் இல்லை. போன் போட்டால் அவரும் எடுத்ததும் "என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்.

புது குரூப்பில் அவரைச் சேர்க்கவில்லை. அடிக்கடி பேசுகிறவர்களின் பேர்தானே போனில் மேலே நிற்கும், மேலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். அவர் பேர் வரவே இல்லை. அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பாதி பொய். 'அவர் பேசவா போறார், அப்புறம் சேர்த்துக்கலாம்' என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

பதினோரு நாள் ஆயிற்று.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் ஒரு இயந்திரம். அன்று காலை ஒன்பது மணிக்கு முதல் வேலையாக ஒரு டிரைவரின் கண்ணாடியை எடுத்தேன். லென்ஸின் நடுவில் புள்ளி வைத்து, அதைப் போட்டோ எடுத்துக் கடையின் கணக்கில் ஏற்ற வேண்டும். போன் மறுத்தது. இடம் இல்லை, எதையாவது அழி என்றது. எதை அழிப்பது? இருக்கவே இருக்கிறது வெந்நீர். பழைய குரூப்பைத் தோண்டி எடுத்துத் திறந்தேன்.

நானூற்றுச் சொச்சம் செய்திகள். எல்லாம் சித்தப்பா. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கட்டைவிரல். ஒன்றைக்கூட விடவில்லை அண்ணன். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து நன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று நினைத்தபடி கடைசிக்கு வந்தேன். கடைசிக்கு முந்தையது சித்தப்பாவுடையது இல்லை.

அண்ணன் எழுதியிருந்தார். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு.

"நாளை காலை பத்து மணிக்கு எனக்கு வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. பயப்பட ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்கிறார்கள். யாருக்கும் சிரமம் என்றால் வேண்டாம்."

அதற்குக் கீழே சித்தப்பா அனுப்பியிருந்தது: செரிமானத்துக்கு உகந்த பத்து உணவுகள்.

முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். ஒரு மனுஷன் வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து கூப்பிடுகிறார், அதைப் படிக்காமல்கூட இந்தக் கிழவர் பத்து உணவுகளைத் தள்ளிவிட்டிருக்கிறாரே! அப்புறம்தான் மணியைப் பார்த்தேன். ஒன்பது பத்து. மேஜையில் இருந்த லென்ஸ் கை பட்டுக் கீழே விழுந்து ஓரம் சில்லு பெயர்ந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

முதலாளியிடம் லென்ஸ் உடைந்ததையும் அண்ணன் விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்கு எது எது என்று புரிந்ததோ என்னவோ, "போம்மா, முதல்ல போ" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் புது குரூப்பில் அண்ணன் எழுதியதை அப்படியே போட்டேன். அடுத்த நொடி போன் துள்ள ஆரம்பித்தது. அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். அக்கா குரலையே பதிந்து அனுப்பினாள். "ஏன்டி நம்மகிட்ட சொல்லல? எனக்குப் பல்லு வலிச்சப்ப நான் சொல்லலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரியே கிளம்பியிருப்பேனே!" அவள் இருப்பது ஆறு மணி நேரத் தொலைவில். சின்னண்ணன் வேலைக்காக வெளியூர் போயிருந்தான். மற்றவர்கள் எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன், யார் டாக்டர் என்று என்னையே கேட்டார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? பெரியண்ணன் வயிற்றில் என்ன என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்னாரே, சொல்லத்தானே செய்தார் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஒன்பதரை. ஒன்பது நாற்பது. ஐம்பத்திரண்டு வயது ஆள், கூட வந்த சொந்தக்காரர் யார் என்று கேட்பார்கள், என்ன சொல்வார்? யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தானே கையெழுத்துப் போடுவாரா? உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினேன். பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் முன்னால் கூட்டம். படியில் ஏறினேன். "லிஃப்டை நம்பும்மா, படியில விழுறவங்கதான் அதிகம்" என்று அண்ணன் அம்மாவிடம் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பேசியதாக எனக்கு நினைவிருக்கும் சில வாக்கியங்களில் அது ஒன்று. மூன்றாவது மாடியை எட்டியபோது மணி பத்து இருபது. நீளமான நடை, சுவரோரமாகப் பச்சை நாற்காலிகள், கோடியில் இரட்டைக் கதவு. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தனியாகத்தான் போயிருக்கிறார்.

"வந்துட்டியா? வா, வா. மூச்சு வாங்குது பாரு, உக்காரு முதல்ல."

கடைசி நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணனின் செருப்பு ஒரு பையில், அண்ணனின் கைக்கடிகாரம் சித்தப்பாவின் கையில், அவருடைய கடிகாரத்துக்கு மேலே. பக்கத்து நாற்காலியில் ஒரு பிளாஸ்க்.

"சித்தப்பா? நீங்க எப்ப வந்தீங்க?"

"முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன். நேத்து அவன் போட்டதைப் பாத்ததும் மனசு கேக்கல. எனக்கு எழுத வராது, அனுப்ப மட்டும்தான் தெரியும். வயிறுன்னு எழுதியிருந்தானே, அதனால வயித்துக்கு நல்லதா ஒண்ணு தேடி அனுப்பினேன். பித்தப்பையில கல்லாம். கையெழுத்து நான்தான் போட்டேன். உறவு என்னன்னு கேட்டாங்க, அப்பான்னு போட்டுக்கங்கன்னேன்." பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். ஆவி பறந்தது. "வெந்நீர் குடி. ஓடி வந்திருக்க."

குடித்தேன். நாக்கு சுட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முக்கால் மணி நேரம்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

பதினொன்று ஆயிற்று. சிவப்பு விளக்கு அணையவில்லை. பதினொன்றே கால். ஒரு நர்ஸ் வெளியே வந்து வேகமாகப் போனாள், கையில் எதையோ மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. சித்தப்பா மெல்ல உட்கார்ந்து இரண்டு கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்று நல்ல சேதி சொல்லாவிட்டால் இன்னொன்று சொல்லும் என்பது போல.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "உங்க எல்லாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லையே சித்தப்பா. ஏன்?"

"பத்துப் பன்னெண்டு நாளா ஒருத்தரும் பேசல. திடீர்னு ஒரே நாள்ல எல்லாரும் கப்சிப். என் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு கடையில கொண்டுபோய்க் காட்டினேன். நல்லாத்தான் இருக்குன்னான். உன் அண்ணன் விரல் மட்டும் வந்துட்டே இருந்துச்சு, அதனால லைன் இருக்குன்னு தெரிஞ்சுது. இல்லாட்டிப் பயந்தே போயிருப்பேன்."

என் கையில் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

"பாரு, உனக்கு மட்டும் நல்லா வருது. அது நம்ம குரூப்தானே? என்ன சொல்றாங்க? குடு பாப்போம்."

கையை நீட்டினார். திரையில் பெரிதாக நின்றது பேர்: வெந்நீர் வேண்டாம். அதன் அடியில் அறுபத்து மூன்று செய்திகள். நான் போனைக் குப்புறக் கவிழ்த்தேன். "கடையிலேர்ந்து சித்தப்பா. வேலை விஷயம்" என்றேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "வேலைன்னா பாரும்மா, பாரு" என்றார். பேரைப் படித்தாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு லென்ஸும் கீறல் விழுந்து மங்கியிருந்தன. என் பிழைப்பே கண்ணாடி. அவர் கண்ணாடியை ஒரு நாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "அப்பா யாரு?"

சித்தப்பா எழுந்த வேகத்தில் பிளாஸ்க் உருண்டது.

"கல்லு ஒண்ணு குழாய்ல போய் அடைச்சிருந்துச்சு, அதான் நேரமாச்சு. இப்ப ஒண்ணும் பயம் இல்ல. இன்னும் நாலு நாள் தள்ளியிருந்தா கஷ்டமா போயிருக்கும். முழிச்சதும் ஒருத்தர் போய்ப் பாக்கலாம்."

"நீ போ. சின்னவ போனா சந்தோஷப்படுவான்" என்றார் சித்தப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டே பிளாஸ்க்கைத் தேடினார்.

அரை மணி கழித்து உள்ளே விட்டார்கள். அண்ணன் வெள்ளைப் போர்வைக்குள் இளைத்துக் கிடந்தார். நகக்கண்ணில் மட்டும் எவ்வளவு கழுவியும் போகாத கிரீஸ். என்னைப் பார்த்ததும், "கடையில சொல்லிட்டு வந்தியா?" என்றார்.

"ஏன்ணே எனக்கு ஒரு போன் பண்ணல?"

"சொன்னேனே. குரூப்ல."

"அங்க நாங்க யாரும் இல்லண்ணே." சொல்லிவிட்டேன். அழுகையோடு சேர்ந்து வந்துவிட்டது.

"தெரியும்" என்றார்.

அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார். "உங்க அக்கா தப்பா எனக்கு ஒரு படம் அனுப்பிட்டா. புது குரூப்ல நீங்க எல்லாரும் பேசினதை அப்படியே எடுத்த படம். மேல பேரு இருந்துச்சு. உடனே அழிச்சுட்டா, நான் பாக்கலன்னு நினைச்சிருப்பா."

"தெரிஞ்சும் ஏன்ணே அங்க போய் எழுதினீங்க?"

"வேற எங்க எழுதுறது?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே என் கையைத் தொட்டார். "சித்தப்பாகிட்ட சொல்லாத. நாம எல்லாரும் தினமும் வெந்நீர் குடிக்கிறோம்னு நினைச்சுட்டு இருக்காரு."

வெளியே வந்தேன். சித்தப்பா போனை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து ஒற்றை விரலால் எதையோ குத்திக்கொண்டிருந்தார். எழுத வராது என்றவர் எழுதியிருந்தார். 'ஆபரேசன் நல்லபடி முடிந்தது அண்ணன் சவுக்கியம்'. பழைய குரூப்பில் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் பாக்கல" என்றார். "எல்லாருக்கும் வேலை இருக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புது குரூப்பில் எழுதினேன்: "அண்ணன் நல்லா இருக்கார். மிச்சத்தை சித்தப்பா பழைய குரூப்ல போட்டிருக்கார். அங்க போய்ப் பாருங்க. ஏன்னு கேக்காதீங்க. இனி இது இல்ல." அவர்கள் படித்ததும் ஒவ்வொருவராக வெளியே தள்ளினேன். அக்கா "என்னடி பண்ற" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளையும் தள்ளினேன். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். நானும் வெளியேறினேன்.

பிறகு பழைய குரூப்புக்குப் போய், சித்தப்பா எழுதியதன் அடியில் ஒரு கட்டைவிரலை வைத்தேன்.

"ஒண்ணு வந்துருச்சு!" என்று நிமிர்ந்தார் சித்தப்பா. உற்றுப் பார்த்தார். "அட, நீயா? பக்கத்துலதானே நிக்கிற."

"ஆமா சித்தப்பா."

இன்னொன்று வந்தது. சின்னண்ணன். அப்புறம் அக்கா, அழுகிற முகமும் கும்பிடுகிற கையுமாக ஒரு முழ நீளத்துக்கு. சித்தப்பா வாய்விட்டு எண்ணினார். "மூணு. நாலு. அஞ்சு." எட்டு வந்ததும் தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் வைத்தார். "எல்லாரும் இருக்காங்க" என்றார், யாரிடமோ சொல்வது போல.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் போன் அதிர்ந்தது. வெந்நீர் குடிப்பதால் உண்டாகும் பன்னிரண்டு நன்மைகள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டையும் படித்தேன்.